சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்: அம்மாவும் சொல்லித் தரலாம்



"டீச்சரம்மா, எனக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துகூடப் போட வராது. எம்பொண்ணு ராத்திரி பத்து மணி வரைக்கும் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கா. காலையில கேட்டா எல்லாம் மறந்துபோச்சுன்னு அழுவுறா. நான் பக்கத்துல உக்காந்து கொட்டக் கொட்ட முழிச்சிருக்கறதைத் தவிர என்னா செய்யறது?"

வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடவு வேலைக்குப் போகும் ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. பாகூரிலும் இதையே கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு இங்கிலீஷ் பாடம் என்றதும், "அது நமக்கு ஆகாத காரியம்" என்று ஒதுங்கிப் போகும் தாய்மார்கள் எத்தனையோ பேர். மற்ற பாடம் எப்படியோ, இந்த வாக்கியப் பாடத்தில் அவர்கள் ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் அனுபவம். இது முக்கால்வாசி யோசனைப் பாடம், கால்வாசிதான் இங்கிலீஷ். அந்த முக்கால்வாசியைத் தமிழிலேயே பழக்கிவிடலாம்.

முதலில், மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர்கள் பேசுவதைக் கவனியுங்கள்.

"நல்ல குணம்தான், ஆனா சம்பளம் கொறைச்சல்."

"சம்பளம் கொறைச்சல்தான், ஆனா நல்ல குணம்."

இரண்டிலும் இருப்பது ஒரே இரண்டு சேதிகள். ஆனால் முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே இந்த இடம் அமையாது என்று தெரிந்துவிடுகிறது. இரண்டாவதைக் கேட்டால் தாம்பூலத் தட்டு தயாராகிறது! எந்தச் சேதியை முன்னே நிறுத்துகிறோம், எதைப் பின்னே தள்ளுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். பள்ளிக்கூடத்தில் நடத்தும் மூன்று வகை வாக்கியமும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. தெரியாத பாஷையில் வருவதால் பூதம் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

தமிழ் இலக்கணத்திலும் இது உண்டு. தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்று நாம் படித்தோமே, அதற்கு ஒத்ததுதான் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ். ஒரே சேதியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்போம்.

மழையால் பஸ் தாமதமாக வந்தது.
மழை பெய்தது, ஆகவே பஸ் தாமதமாக வந்தது.
மழை பெய்ததால் பஸ் தாமதமாக வந்தது.

இதையே இங்கிலீஷில் சொன்னால்:

'பிகாஸ் ஆஃப் த ரெயின், த பஸ் கேம் லேட்' - சிம்பிள்.
'இட் ரெயின்டு, ஸோ த பஸ் கேம் லேட்' - காம்பவுண்ட்.
'த பஸ் கேம் லேட் பிகாஸ் இட் ரெயின்டு' - காம்ப்ளெக்ஸ்.

வகை கண்டுபிடிக்க ஒரே ஒரு வழி போதும். வாக்கியத்தை முடித்து வைக்கிற வினைச்சொல் எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அதுதான் வினைமுற்று. ஒன்றே ஒன்று இருந்தால் சிம்பிள். இரண்டு இருந்து, இரண்டு பாதியும் தனித்தனியே தன் காலில் நிற்குமானால் காம்பவுண்ட். ஒரு பாதி நிற்கிறது, மற்றது அதன் இடுப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றால் காம்ப்ளெக்ஸ். 'பிகாஸ் இட் ரெயின்டு' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், "அதனால என்ன ஆச்சு?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதுதான் இடுப்புக் குழந்தை.

நீளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. 'ஆன் ஃப்ரைடே மார்னிங், மை மதர் வென்ட் டு த மார்க்கெட் வித் மை லிட்டில் பிரதர்' என்பது எவ்வளவு நீளம்! ஆனாலும் முற்று ஒன்றுதான், 'வென்ட்'. ஆகவே சிம்பிள். 'ஐ நோ தட் ஷீ கேம்' ஐந்தே சொல்தான். ஆனால் அது காம்ப்ளெக்ஸ்.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் எது தெரியுமா? தமிழில் 'பெய்தது' என்ற முற்று, இன்னொன்றில் போய் ஒட்டும்போது 'பெய்ததால்', 'பெய்தாலும்', 'பெய்தால்' என்று தன் வாலை மாற்றிக்கொள்கிறது. வாலைப் பார்த்தாலே அது முடியாத வாக்கியம் என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் அப்படி இல்லை. 'இட் ரெயின்டு' என்பது எங்கே போனாலும் அப்படியே முழுசாகத்தான் இருக்கிறது. முன்னால் வந்து நிற்கும் 'பிகாஸ்', 'தோ', 'வென்' போன்ற குட்டிச் சொல்தான் அதை இடுப்பில் ஏற்றிவிடுகிறது. தமிழில் வால், இங்கிலீஷில் தலை. இந்த ஒரு வித்தியாசம் புரிந்த பெண், அட்டவணையை மனப்பாடம் பண்ணிக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

அந்த அட்டவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் சிம்பிள், 'பட்' வந்தால் காம்பவுண்ட், 'தோ' வந்தால் காம்ப்ளெக்ஸ் என்று கட்டம் போட்டு எழுதிவைத்திருப்பார்கள். இந்த மாதிரிப் பயிற்சிகளை இந்தியா முழுக்கப் பரப்பியதில் ரென், மார்ட்டின் என்ற இருவர் எழுதி 1930களில் வந்த இலக்கணப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது முக்கியமாக இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் குழந்தைகளுக்காக எழுதப்பட்டது. அந்தக் குழந்தைகள் வீட்டில் பேசியதே இங்கிலீஷ்தான். பழகிய பாஷையை ஒழுங்குபடுத்திக்கொள்ள அவர்களுக்குக் கட்டம் போதும். வீட்டில் இங்கிலீஷ் காதில் விழாத நம் பெண்ணுக்கு வெறும் கட்டம் போதாது. கட்டத்துக்குப் பின்னால் இருக்கிற உறவு புரிய வேண்டும்.

உறவுகள் முக்கியமாக ஐந்து. நாளைக்கு ஒன்றாக, விளக்கு வைத்த பிறகு பதினைந்து நிமிஷம் போதும். நீங்கள் தமிழில் சொல்லுங்கள். பெண் இங்கிலீஷில் எழுதட்டும். புத்தகத்து வாக்கியம் வேண்டாம். அன்றைக்கு வீட்டில் நடந்ததையே எடுங்கள்.

திங்கள்: காரணம். மேலே சொன்ன மழையும் பஸ்ஸும்தான். 'பிகாஸ் ஆஃப்' என்றால் பின்னால் பெயர்ச்சொல் வரும். வெறும் 'பிகாஸ்' என்றால் முழு வாக்கியமே வரும். இதைப் பத்து வாக்கியத்தில் பழகினால் கைவந்துவிடும்.

செவ்வாய்: தடையை மீறுவது. "காய்ச்சலோடயே பரீட்சை எழுதினா." 'இன் ஸ்பைட் ஆஃப் ஹெர் ஃபீவர், ஷீ ரோட் த எக்ஸாம்.' 'ஷீ ஹேட் ஃபீவர், பட் ஷீ ரோட் த எக்ஸாம்.' 'தோ ஷீ ஹேட் ஃபீவர், ஷீ ரோட் த எக்ஸாம்.' பிள்ளைகள் 'தோ' போட்ட பிறகு நடுவில் 'பட்' ஒன்றும் போட்டுவிடுவார்கள். ஒரு கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதும் என்று சொல்லுங்கள். அதேபோல 'பிகாஸ்' போட்ட வாக்கியத்தில் 'ஸோ' வேண்டாம்.

புதன்: நிபந்தனை. பாகூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மழை பெய்தால்தான் தென்பெண்ணையில் தண்ணீர். தண்ணீர் வந்தால்தான் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரத்து. ஏரி நிறைந்தால்தான் நெல். 'வித்அவுட் ரெயின், த லேக் வில் நாட் ஃபில்.' 'இட் மஸ்ட் ரெயின், ஆர் த லேக் வில் நாட் ஃபில்.' 'இஃப் இட் டஸ் நாட் ரெயின், த லேக் வில் நாட் ஃபில்.' இனிமேல் நடக்கப்போகிற சேதியாக இருந்தாலும், 'இஃப்' நிற்கும் பாதியில் 'வில்' போடுவதில்லை. நாமும் 'மழை பெய்யும்னா' என்று இழுக்காமல் 'பெய்தால்' என்றுதானே சொல்கிறோம்!

வியாழன்: காலம். "வேலையை முடிச்சிட்டுத் தூங்கினா." தமிழ்ப் பேச்சில் இந்த 'இட்டு' இல்லாமல் ஒரு நாளும் நகராது. 'ஆஃப்டர் ஃபினிஷிங் ஹெர் வொர்க், ஷீ ஸ்லெப்ட்.' 'ஷீ ஃபினிஷ்டு ஹெர் வொர்க் அண்ட் ஸ்லெப்ட்.' 'ஆஃப்டர் ஷீ ஃபினிஷ்டு ஹெர் வொர்க், ஷீ ஸ்லெப்ட்.' முதலாவதில் 'ஃபினிஷிங்', மூன்றாவதில் 'ஷீ ஃபினிஷ்டு'. மற்றபடி இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

வெள்ளி: எந்த ஆள், எந்தப் பொருள் என்று காட்டுவது. "நேத்து வாங்கின புடவை" என்கிறோம். இங்கிலீஷில் 'த சாரி விச் ஐ பாட் யெஸ்டர்டே'. தமிழில் அடையாளம் முன்னால் நடக்கிறது, புடவை பின்னால் வருகிறது. இங்கிலீஷில் புடவை முன்னால், அடையாளம் பின்னால். இந்தத் தலைகீழ் பழகும்வரை பிள்ளைகள் திக்குவது சகஜம். பொறுமையாக இருங்கள்.

சனிக்கிழமைக்கு நான் வைத்திருப்பது மருந்து அட்டை. நம் பத்திரிகை வாசகிகளுக்கு இது முக்கியம். மருந்துச் சீட்டில் 'பிஃபோர் ஃபுட்' என்று இருந்தால் சொற்றொடர். 'பிஃபோர் யூ ஈட்' என்றால் உள்ளே ஒரு முற்று வந்துவிட்டது. அர்த்தம் ஒன்றுதான். ஆனால் 'அன்லெஸ்' வந்தால் ஜாக்கிரதை! 'டோன்ட் டேக் திஸ் டேப்லட் அன்லெஸ் யூ ஹேவ் ஃபீவர்' என்றால், காய்ச்சல் இருந்தாலொழிய இந்த மாத்திரையைச் சாப்பிடாதே என்று பொருள். 'அன்லெஸ்' என்பதை 'இஃப்' மாதிரி நினைத்துப் படிக்கிற பெண், "காய்ச்சல் இருந்தா சாப்பிடக் கூடாது" என்று பாட்டிக்குச் சொல்லிவிடுவாள். ஒரு சொல்லில் மருந்தே தலைகீழாகிவிடுகிறது. ஆகவே 'அன்லெஸ்' என்றால் 'இஃப் நாட்' என்று மனதில் பதிய வையுங்கள். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடைக்காரரையோ நர்ஸையோ கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

பேதிக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் பாடமாக்கலாம். 1 லிட்டருக்கு என்று போட்டிருக்கும் பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் சுத்தமான குடிநீரில் கரைக்க வேண்டும்; 24 மணி நேரத்துக்கு மேல் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். 'இஃப் எனி சொல்யூஷன் ரிமெய்ன்ஸ் ஆஃப்டர் 24 அவர்ஸ், த்ரோ இட் அவே.' இது என்ன வகை என்று பெண்ணைக் கேளுங்கள். இலக்கணமும் ஆச்சு, வீட்டுக்கு வேண்டிய விஷயமும் ஆச்சு.

இதெல்லாம் மார்க்குக்காக மட்டுமா என்று கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு பெண். தமிழ் மீடியத்தில் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பிளஸ் டூ முடித்தவள். இப்போது நர்ஸிங் படிக்கிறாள். சாயங்காலத்தில் என் திண்ணையில் உட்கார்ந்து எழுதிப் பழகினாள். ஒரு நாள் இரண்டு வாக்கியம் எழுதிக் காட்டினாள்.

'தோ த பேஷன்ட் டுக் த டேப்லட், த ஃபீவர் டிட் நாட் கம் டவுன்.'
'தோ த ஃபீவர் டிட் நாட் கம் டவுன், த பேஷன்ட் டுக் த டேப்லட்.'

"ரெண்டும் காம்ப்ளெக்ஸ்தானே, எது வேணா எழுதலாமா டீச்சரம்மா?" என்றாள்.

"நீ டாக்டர்னு வச்சுக்கோ. ராத்திரி டூட்டி நர்ஸ் எழுதிவச்சதைக் காலையில படிக்கற. எதைப் படிச்சா எழுந்து ஓடுவ?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "மொதல் வாக்கியம்தான். மருந்து குடுத்தும் காய்ச்சல் எறங்கலைன்னு அது சொல்லுது. ரெண்டாவது, மாத்திரை சாப்ட்டாங்க, சரின்னு விட்டுடும்."

இலக்கணத்தில் இரண்டுக்கும் ஒரே மார்க். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை. 'தோ' எதன் தலையில் உட்காருகிறதோ அது ஒரு அடி பின்னே போகிறது; மற்றது முன்னே வந்து நிற்கிறது. மாப்பிள்ளையின் சம்பளமும் குணமும் பார்த்தோமே, அதே கணக்குத்தான். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் இந்த இரண்டையும் தமிழில் சொன்னதும், "காய்ச்சல் எறங்கலைங்கறதைத்தாண்டி கடைசியா சொல்லணும், அப்பத்தான் மனசுல நிக்கும்" என்று மகளுக்குச் சொல்லிவிட்டார். இதற்குமேல் என்ன வாத்தியார் வேண்டும்?

ஒட்டி நிற்கும் ஒரு துண்டு வாக்கியம் ஒரு ஊரின் பாஷையையே தாங்கி நின்ற கதை நம் புதுவையில் உண்டு. நம் 'கொம்யூன்' என்ற பெயரே பிரெஞ்சுச் சொல் அல்லவா? 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி அமலாயிற்று. பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. அதோடு நிறுத்தவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாத வரை என்று ஒரு வாலும் வைத்தது. 1965-ல் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் வந்து தமிழுக்கு இடம் கிடைத்தது. இங்கிலீஷையும் பயன்படுத்தலாம் என்றாயிற்று. மாஹேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் வைத்தார்கள். அந்த 'வரை' இல்லாமல் முதல் பாதியோடு நின்றிருந்தால்? இடுப்புக் குழந்தை என்று இளப்பமாக நினைக்கிற பாதியில்தான் சில சமயம் முழு அதிகாரமும் இருக்கிறது. ஒப்பந்தம், கடன் பத்திரம், இன்ஷூரன்ஸ் தாள் எதுவானாலும் 'இஃப்', 'அன்லெஸ்', 'ஸோ லாங் ஆஸ்', 'ப்ரொவைடட் தட்' என்று ஆரம்பிக்கிற பாதியை இரண்டு தடவை படிக்கச் சொல்லி உங்கள் பெண்ணைப் பழக்குங்கள். நாளைக்கு அவள்தான் வீட்டுப் பத்திரங்களைப் படிக்கப்போகிறாள்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் பக்கத்துக்கு இங்கிலீஷ் தாமதமாக வந்தது. தாத்தா பாட்டி காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பிரெஞ்சுதான் உத்தியோக பாஷை. ஆகவே, "எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது" என்று பெண் கூச்சப்பட வேண்டியதில்லை. படிப்பு நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்த சேதி பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது. படிக்கிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்கக் கூடாது என்று ஊரே எழுதிவைத்த பூமி இது.

பாடத்திட்டம் மாறிவிட்டதே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். முன்பு புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. அண்மை ஆண்டுகளில் அவை படிப்படியாக மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. கேள்வித்தாளின் உருவம் மாறலாம். ஆனால் கட்டுரை எழுதினாலும் லீவு லெட்டர் எழுதினாலும், காரணத்தையும் நிபந்தனையையும் தெளிவாகச் சொல்லத்தானே வேண்டும்? அது எந்தப் பாடத்திட்டத்திலும் வீண் போகாது.

முடிக்குமுன் சில யோசனைகள்:

நோட்டில் மூன்று கட்டம் போட்டு, ஒரு சேதியை மூன்றிலும் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று சேதி போதும். முப்பது எழுதச் சொல்லி விரட்டினால் மறுநாள் நோட்டே காணாமல் போகும்.

பெண் எழுதியதைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் காதுக்கு அர்த்தம் சரியாக விழுந்தால் பெரும்பாலும் உறவுச் சொல் சரியாகத்தான் இருக்கும். எழுத்துப் பிழையைப் பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

காம்ப்ளெக்ஸ்தான் உசத்தி, சிம்பிள் மட்டம் என்ற எண்ணம் வேண்டாம். 'த மில்க் இஸ் ஹாட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைத்தான் சொல்ல வேண்டும். சாதத்துக்குச் சாம்பார், ரசம், மோர் மூன்றும் வேண்டியிருப்பது போல ஒரு கட்டுரைக்கு மூன்று வகையும் கலந்து வர வேண்டும்.

தம்பி, தங்கை எதிரில் திருத்திக் கேலி பண்ணாதீர்கள். ஒரு தடவை சிரித்துவிட்டால் ஒரு மாதம் வாயைத் திறக்க மாட்டாள்.

அடுத்த இதழ் வருவதற்குள் பதினைந்து நாள் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடந்தது? "தண்ணி வராததால துணி துவைக்கல" என்பதாகக்கூட இருக்கலாம். அதையே முதல் வாக்கியமாக வைத்துக்கொண்டு, பெண்ணையோ பிள்ளையையோ நோட்டோடு கூப்பிட்டு உட்கார வையுங்கள்.